மாடுகள் போயின, ராணுவச் சுமை குறையவில்லை

புணேயின் ஹடப்சர் பகுதியில் உள்ள மகர்பட்டா ஒரு காலத்தில் கரும்பு விளைந்த பூமி. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, அதன் பங்குதாரர்களாகி, நகரியமாக மாற்றிக் காட்டின. அதே மாநகரின் மறுபக்கம் பிம்ப்ரியில் ராணுவம் பால் பண்ணை நடத்தி வந்தது. நிலத்தின் மதிப்பு இவ்வளவு உயர்ந்த ஊரில் ராணுவம் மாடு வளர்ப்பது கட்டுபடியாகுமா?

படையினருக்குத் தூய பால் கிடைக்காத காலத்தில், 1889-ல் அலாகாபாதில் முதல் ராணுவப் பண்ணை தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் பால் வழங்கத் தொடங்கிய பிறகு அந்தக் காரணம் மறைந்தது, பண்ணைகள் மறையவில்லை.

போரிடும் படைக்கும் அதைத் தாங்கும் துணை அமைப்புகளுக்கும் உள்ள விகிதத்தைச் சீராக்க, மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 2016-ல் லெப்டினன்ட் ஜெனரல் (ஓய்வு) ஷேகட்கர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் 65 பரிந்துரைகளை 2017 ஆகஸ்டில் மத்திய அரசு ஏற்றது. சுமார் 57,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றுவதும், 39 பண்ணைகளை மூடுவதும் அவற்றில் அடங்கும். 2021 மார்ச் 31-ல் பண்ணைகள் முறைப்படி மூடப்பட்டன.

அதற்கு முந்தைய ஆண்டு ராணுவப் பொறியியல் சேவையில் 9,304 பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. அவை காலிப் பணியிடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளில்லாத நாற்காலியை அகற்றினால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் எப்படிக் குறையும்?

பரிந்துரைகளை நிறைவேற்றினால் ஐந்து ஆண்டுகளில் ரூ. 25,000 கோடி வரை மிச்சமாகும் என்பது குழுவின் மதிப்பீடு. அதாவது ஆண்டுக்கு ரூ. 5,000 கோடி. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு மட்டும் ரூ. 1,60,795 கோடி ஒதுக்கப்பட்டது. புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு ரூ. 1,80,000 கோடிதான். பண்ணையும் தபால் நிலையமும் மூடிச் சேர்க்கும் பணம் ஓய்வூதியத்தில் சுமார் மூன்று சதவீதம்.

ஓய்வூதியத்தில் கை வைத்தது 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமே. நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே தக்கவைக்கப்படுவர். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பிகாரில் ரயில்களுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போராட்டம் மூண்டது. பண்ணைகளை மூடியபோது அந்த அளவுக்குப் போராட்டம் மூளவில்லை. அத்திட்டத்தின் சேமிப்பும் உடனே கைக்கு வராது. ஏற்கெனவே ஓய்வு பெற்ற லட்சக்கணக்கானோருக்கான கடமை அப்படியே நீடிக்கிறது. 2023 ஜனவரியில் தரைப்படைப் பயிற்சியைத் தொடங்கிய முதல் அணியினரின் நான்கு ஆண்டுக் கணக்கு 2026 இறுதியை ஒட்டி முடிகிறது.