மழை மாதங்களில் மனம் சோராதிருக்க

வைகாசி பிறந்துவிட்டால் புளத்கொகுபிட்டியப் பகுதியில் மலைகள் மறைந்துவிடுகின்றன. நேற்று வரை எதிரே நின்ற குன்றும், அதன் சரிவில் வரிசை பிடித்து நின்ற இறப்பர் மரங்களும் வெண்ணிறத் திரையொன்றின் பின்னே போய்விட, நமக்கு மிஞ்சுவது தகரக் கூரையின்மீது ஓயாது விழும் மழையின் ஓசை ஒன்றே. தென்மேற்குப் பருவமழை புரட்டாதி வரையில் நீடிக்கும். அது ஓய்ந்தது என்று மூச்சுவிடுமுன்னரே ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழை மாலைதோறும் வாசலில் வந்து நிற்கும். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் சப்பிரகமுவ மலைச்சரிவுகளும் அடங்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை லயத்துக் காம்பராவுக்குள் ஐந்தாறு மாதம் வாழ்ந்து பார்த்தவர்களுக்கே அதன் முழுப்பொருளும் விளங்கும்.

துணி உலர்வதில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகள் புகை மணத்துடன் தொங்குகின்றன. அப்பியாசக் கொப்பிகளின் அட்டை பூஞ்சணம் பிடித்து நெளிகிறது. கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள் படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு எப்படியோ போய்விடுகிறார்கள். இறப்பர்த் தோட்டத்திலோ அதுவும் இயலாது. பால்வெட்டு விடியற்காலையின் வேலையாகும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டின் வழியே சிரட்டைக்கு வராமல் மரத்தின் மேலெல்லாம் பரந்து வழிந்துவிடும். வெட்டுவாயும் ஈரத்தில் அழுகிப்போகும். மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் மடிப்பு ஒட்டி மழைநீரைத் தடுக்கும் முறை வந்திருந்தாலும், எல்லா மரத்திலும் அது இருப்பதில்லை. ஆகவே விடியலில் மழை என்றால், பலருக்கு அன்றைய கூலியும் மழையோடு போயிற்று என்பதே பொருள்.

கையில் வேலையின்றி, பையில் காசின்றி, நாலு சுவருக்குள் ஒரு பகலைக் கழிப்பது எளிதன்று. ஆண்கள் சிலர் எந்தக் கடைவாசலை நாடிப் போகிறார்கள் என்பதை நாம் எழுதத் தேவையில்லை. வீட்டுத் தாய்மார் அறிவர். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாத நாள்களும் இந்த மாதங்களில்தான் பெருகுகின்றன. ஒரு நாள் நின்ற பிள்ளை மறுநாளும் நிற்கிறது. நின்ற பாடம் நின்றதுதான்.

மழைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இதே கேள்வியை வேறொரு வகையில் கேட்டுக்கொண்டிருக்கும் மக்கள் உலகின் மறுபுறத்தில் இருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஜேர்மனிக்குச் சென்று குடியேறிய நம்மவர் பலரையும் முதலில் திகைக்க வைத்தது குளிர் மட்டுமன்று, இருட்டுமாகும். அந்நாட்டின் வடக்கிலுள்ள ஹம்பேர்க் நகரில் மார்கழி மாதத்தில் சூரியன் காலை எட்டரை மணிக்குப் பின்னரே எழும். மாலை நான்கு மணியளவில் அடங்கிவிடும். இடையிலுள்ள ஏழரை மணி நேரமும் வானம் பெரும்பாலும் ஈயத்தட்டைக் கவிழ்த்தாற்போலச் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். அத்தகைய காலத்தில் சிலரைப் பீடிக்கும் மனச்சோர்வு வெறும் சோம்பலன்று, ஒளிக்குறைவோடு தொடர்புடைய ஒரு நோய் என்பதை நோர்மன் ரோசென்தால் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1984இல் விவரித்து எழுதினர்.

அந்நகரில் இன்னொரு பழைய செய்தியும் உண்டு. யோஹான் ஹின்றிக் விக்கேர்ன் என்னும் பாதிரியார் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் நடத்தி வந்தார். இருண்ட மார்கழி நாள்களில் அப்பிள்ளைகள், ‘நத்தார் எப்போது வரும், எப்போது வரும்?’ என்று அவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். 1839ஆம் ஆண்டில் அவர் ஒரு வண்டிச்சக்கரத்தை எடுத்து, அதன்மீது ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரிகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளும் வைத்து, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். பொழுது நீளவுமில்லை, மேகம் விலகவுமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேற்றுமை வந்துவிட்டது. இன்று கிறிஸ்தவ நாடுகள் பலவற்றில் நத்தாருக்கு முன்பு வீடுகளில் வைக்கும் நான்கு மெழுகுதிரி வளையம் அந்த வண்டிச்சக்கரத்தின் வழித்தோன்றலே.

நமது நிலை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் உண்டு. மேகம் மூடிய நாளிலும், வெளியே உள்ள வெளிச்சம் லயத்துக் காம்பராவின் உள்ளேயுள்ள வெளிச்சத்தைப் பார்க்கிலும் பல மடங்கு அதிகமாகும். நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்வதால் இவ்வேற்றுமை தெரிவதில்லை. ஆதலின் பிள்ளை படிக்கும் பலகையை உள்ளறையிலிருந்து இஸ்தோப்புக்கு மாற்றுங்கள். தூவானம் படாத மூலை ஒன்று எந்த இஸ்தோப்பிலும் இருக்கும். மழை சற்று விட்ட வேளையில் சுற்றி ஒரு நடை நடந்து வருவதும் நல்லது. செலவில்லாத மருந்துகள் இவை.

ஆனால் வெளிச்சம் மட்டும் போதாது. நாளுக்கொரு வேலையும் வேண்டும். நாம் இங்கே சொல்ல விரும்பும் வேலை மழையையே அளப்பதாகும்.

பக்கங்கள் நேராக அமைந்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை எடுத்துக் கழுத்துக்குக் கீழே, நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாகப் போத்தலின் வாயிலேயே பொருத்தினால் அது புனலாகிவிடும். அடிப்பாகம் மேடுபள்ளமாயிருக்குமாதலால் சிறு கற்களைப் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் வரையில் நீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடிடுங்கள். அதற்கு மேல் மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டிவிட்டால் மழைமானி ஆயத்தம். கூரைக்கும் மரத்துக்கும் விலகிய வெளியில் அதைச் சாயாமல் நாட்டி வைக்க வேண்டும். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, மிகுந்த நீரைப் பூச்சியக் கோடு வரை ஊற்றிவிட வேண்டியதுதான்.

இது வெறும் விளையாட்டா? மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். பத்துச் சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஆயிரம் லீற்றர். அதாவது ஒரு தொன். ஓர் ஏக்கர் மலைச்சரிவில் 150 மில்லிமீற்றர் பெய்தால் ஏறக்குறைய அறுநூறு தொன். அதில் ஒரு பங்கு ஓடைக்குப் போகும்; மறுபங்கு மண்ணுக்குள் இறங்கி மலையைக் கனக்கச் செய்யும், இளக்கவும் செய்யும்.

2016ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதியில் நாள் கணக்காகப் பெய்த பெருமழையில் அரநாயக்கவில் ஒரு மலையே சரிந்து கிராமங்களை மூடியதை நாடு மறக்கவில்லை. அதே மழையில்தான் புளத்கொகுபிட்டியவில் களுபான தோட்டத்து லயத்தின்மீதும் மண் சரிந்து, நம் தொழிலாளர் குடும்பங்கள் உயிரோடு புதைந்தன. அரநாயக்கவின் பேரழிவுக்கு முன்னே களுபானவின் பெயர் வெளியூர்களில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இப்பக்கத்து மக்கள் இன்றும் மழை இரவுகளில் அதையே பேசுகிறார்கள்.

மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவையே முதற்குறியாகக் கொள்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்துவிட்டாலோ, ஆபத்தான சரிவை விட்டு வெளியேறிவிட வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கியோ வற்றியோ போகும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் போத்தலைப் பார்க்கக் காத்திருத்தலும் ஆகாது. வானொலியின் எச்சரிக்கைக்கு நம் மழைமானி துணையே தவிர மாற்று அன்று. எனினும், வானொலி சொல்வது மாவட்டத்துக்கு. முற்றத்துப் போத்தல் சொல்வது நம் மலைக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் கொப்பியைக் காட்டி, ‘அப்பா, இன்றைக்கு நூறு தாண்டிவிட்டது’ என்று சொன்னால், அந்த வீட்டில் அன்றிரவு எவரும் அசட்டையாய் உறங்கமாட்டார்கள்.

மாலைப் பொழுதுக்கு வேறொரு வேலை உண்டு. கித்துல் கருப்பட்டித் துண்டும் வெறுந்தேநீருமாக அடுப்பைச் சுற்றிக் குடும்பம் கூடும் வேளை அது. முன்பெல்லாம் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ஒருவர் இராகம் போட்டு வாசிக்க, லயமே கூடியிருந்து கேட்கும். நல்லதங்காளுக்காக அழாத பாட்டிமார் இல்லை. இன்று அந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு வெளிச்சம். அதைப் பறித்து வைக்கும்படி நாம் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பவர் யார்? அதே தொலைபேசியைப் பாட்டியின் முன்னே வைத்து, அவருக்குத் தெரிந்த தாலாட்டையும் கொழுந்துப் பாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு கொப்பியில் எழுதுங்கள்.

தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இப்பணியைத்தான் செய்தார். தொழிலாளர் வாயிலிருந்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூல் அவ்வாறு நமக்குக் கிடைத்தது. அவர் தேடியபோது பாடியவர்களில் பலர் இன்று இல்லை. இறப்பர்த் தோட்டங்களின் பாட்டுகள் தேயிலைப் பாட்டுகள் அளவுக்கு எழுதப்பட்டும் இல்லையென்றே நமக்குத் தோன்றுகிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் உங்கள் லயத்தில் இருப்பாராயின், அடுத்த ஆண்டு மழைவரை அவ்வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கைவேலையில் விருப்பமுள்ள இளைஞர்களுக்கு இன்னொன்று. மாசி மாதத்தில் காமன் கூத்து வரும்போது கிரீடத்துக்கும் மார்ப்பதக்கத்துக்கும் அவசரப்பட்டு அலைகிறோம். அட்டையும் வண்ணத்தாளும் வாங்கி, ஐப்பசி மழையிலேயே அவற்றைச் செய்து பரணில் வைத்துவிடலாம். ரதி, மன்மதன் வேடத்துக்குரிய பாட்டுகளை ஒத்திகை பார்க்கவும் காலம் கிடைக்கும். தப்புக்குத்தான் சிறிது சிரமம். ஈரத்தில் தோல் தளர்ந்து ஓசை கெட்டுவிடும். வைக்கோல் நெருப்பில் காய்ச்சினால் மீண்டும் கணீரென்று எழும். அந்த ஓசையைக் கேட்டுவிட்டால் கடைவாசலுக்குப் போன சிலரும் திரும்பி வருவதுண்டு.

கொப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக் கணக்கும் பாட்டுக் கொப்பியும் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, பொலித்தீன் பையிலிட்டு அடுப்படிச் சுவரில், புகை நேரே படாத இடத்தில் தொங்கவிடுங்கள். மழைக் கொப்பியில் ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. வெயிலடித்த நாளுக்கும் தேதியைப் போட்டு, எதிரே பூச்சியம் என்று எழுதிவிட வேண்டும்.