ஏவற்பட்டியும் நாட்காட்டியும்

காலந் தவறாது கருமம் ஆற்றுதல் ஆலய வழிபாட்டிற்கு இன்றியமையாத ஒழுங்காகும். கண்டி மாநகரிலுள்ள தலதா மாளிகையில் நாள்தோறும் காலை 5.30, 9.30, மாலை 6.30 ஆகிய மூன்று வேளைகளிலும் 'தேவாவ' எனும் வழிபாடு நிகழ்கின்றது. புதன்கிழமைதோறும் திருமஞ்சனச் சடங்கு நடைபெறுகின்றது. ஆண்டிற்கொருமுறை எசல மாதத்திற் பெரஹரா வலம் வருகின்றது. இவ்வேளைகளில் நினைவூட்டும் மணியை ஒலிப்பிக்குமாறு கணினியொன்றிற்குக் கட்டளையிட வேண்டின், அதனை எவ்வாறு இடுவது?

யுனிக்ஸ் இயங்குதளத்தில் இப்பணிக்கென அமைந்த செயலி 'கிரொன்' என்பதாகும். அது 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றிருந்தது. போல் விக்சி என்பார் 1987இல் வெளியிட்ட வடிவமே பின்னர் லினக்ஸ் கணினிகளிற் பெரிதும் பரவியது. இச்செயலி நிமிடந்தோறும் விழித்தெழுந்து, தனக்கு இடப்பட்ட ஏவற்பட்டியைப் பார்த்து, அந்நிமிடத்திற்கு உரியவற்றை இயக்கிவிட்டு மீண்டும் உறங்கும்.

பட்டியின் ஒவ்வொரு வரியிலும் முதற்கண் ஐந்து புலங்கள் உள. அவை முறையே நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை என்பனவாம்; அவற்றின் பின்னர் இயக்க வேண்டிய கட்டளை வரும். உடுக்குறி 'எதுவாயினும் ஆகுக' எனப் பொருள்படும். எனவே, மூன்று வேளைத் தேவாவவையும் '30 5,9,18 * * *' என ஒரே வரியில் அடக்கலாம். ஞாயிறு 0 என எண்ணப்படுதலின், ஐந்தாம் புலத்தில் 3 என இட்டாற் புதன் அமையும்.

ஆயின், பெரஹரா இவ்வைந்து புலங்களுள் அடங்குவதில்லை. அது சந்திரனைப் பின்பற்றுவது. கிரொனோ திதியை அறியாதது. போயா தினங்களுக்கும் நம் சதுர்த்தி விரதத்திற்கும் இஃது ஒக்கும். அதற்கு வழி யாதெனில், அவ்வாண்டிற்குரிய நாட்களை ஒரு கோப்பிற் பதிந்துவைத்தலாம். கட்டளையை நாள்தோறும் இயக்கி, அன்றைய தேதி அக்கோப்பில் இல்லையெனில் ஒன்றுஞ் செய்யாது நின்றுவிடுமாறு பணித்தல் வேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் கடிகாரத்திலேயே உண்டு. மின்சாரத் தட்டுப்பாட்டினால் இலங்கையின் நேரம் 1996 மே 25இல் ஒரு மணிநேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரைமணி பின்னோக்கியும், 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் அரைமணி பின்னோக்கியும் மாற்றப்பட்டது. 2006இல் நள்ளிரவு 12.30 ஆனதும் கடிகாரம் மறுபடியும் 12.00 எனக் காட்டியது. நள்ளிரவு 12.15க்கு வைப்புகளுக்கு வட்டி சேர்க்குமாறு ஓர் ஏவல் குறிக்கப்பட்டிருப்பின், அந்நிமிடம் அன்று இருமுறை வந்தது. வட்டியும் இருமுறை சேரக்கூடும். 1996 மே மாதத்திலோ அந்நிமிடம் வரவேயில்லை. பிற்காலப் பதிப்புகள் சில இத்தகைய மாற்றங்களை உணர்ந்து சரிசெய்யினும், அதனை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. கட்டளை தானே 'இன்றைய வட்டி முன்னரே சேர்க்கப்பட்டதா?' எனச் சோதித்த பின்னரே தொடருமாறு அமைத்தல் நன்று.

கணினியை உலகப்பொது நேரத்தில் வைத்திருத்தல் மற்றொரு காப்பாகும். எனினும், இலங்கையிற் காலை 5.30 ஆகும்பொழுதே அந்நேரத்தில் நள்ளிரவு 12 ஆகின்றது. அதனால், புதன் அதிகாலை 5 மணிக்குக் கண்டியிற் செய்ய வேண்டிய வேலையை, அக்கணினியிற் செவ்வாய் இரவு 11.30 எனக் குறித்தல் வேண்டும். கிழமையெண்ணும் 3 அன்று, 2 ஆகும்.

மேலும், குறித்த நிமிடத்தில் மின்சாரமின்றிக் கணினி அணைந்திருப்பின், கிரொன் அவ்வேலையைப் பின்னர் நினைந்து செய்வதில்லை. விடுபட்டதை மீளச் செய்தற்கு 'அனாகிரொன்' எனும் துணைச்செயலி வேண்டும்.

ஆலயத்திற் காலந் தாழ்ந்தால் அதனை உணர்ந்து ஆவன செய்யப் பூசகர் உளர். கணினியோ எண்ணை அறியும், எண்ணியதை அறியாது. ஆதலின், ஏவற்பட்டி எழுதுவோர் வேளையைக் குறிப்பதோடு அமையாது, அவ்வேளை வாராதொழியினும் இருமுறை வரினும் யாது நிகழுமென்பதையும் முன்னரே ஆராய்தல் கடனாகும்.