அட்வான்ஸுக்கு முன்னால் காகிதம்

கோவை சரவணம்பட்டிப் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு பழைய தனிவீட்டை வாங்கி, அத்தனையையும் பத்திரத்தில் காட்டுகிறவர் (அப்படியும் சிலர் இருக்கிறார்கள்) முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை அரசுக்குக் கட்டுகிறார். இவ்வளவு வாங்கிக்கொண்டும், விற்றவர்தான் வீட்டின் உண்மையான சொந்தக்காரர் என்று அரசு எங்கேயும் எழுதித் தருவதில்லை. இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் இப்படியொரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஏற்கும் பொறுப்பு அதோடு முடிந்தது.

முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-ஏ விதியின் முக்கியப் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையில்லை என்பதே காரணம். அதற்கு முந்தைய ஆண்டில், மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவிட்ட 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. நல்ல நோக்கத்தில் வந்த இரண்டு பூட்டும் போயின. இனி பத்திர ஆபீஸ் வாசலிலேயே மோசடியைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையை ஓரளவு குறைத்துக்கொள்வது நல்லது.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்திரப் பதிவைக் கணினிமயமாக்கும் ஸ்டார் திட்டம் 2000-இல் வந்தது, 2018-இல் ஸ்டார் 2.0 வந்தது. வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்கிறோம், டோக்கனை ஆன்லைனில் எடுக்கிறோம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பேரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகையும் உண்டு. பத்து லட்சத்துக்குக் கோவையில் வீடு எங்கே என்று கேட்காதீர்கள். ஆனால் இவை அத்தனையும் கிரயத்தின் கடைசி அரைமணி நேரத்தைத்தான் சீர்செய்தன. வில்லங்கம் முளைப்பது அதற்கு வெகு முன்னால், அட்வான்ஸ் கைமாறும் இடத்தில்.

நம் ஊர் நடைமுறை தெரிந்ததுதான். புரோக்கர் வீட்டைக் காட்டுவார், விலை பேசி முடியும், நல்ல நாள் பார்த்து ஒரு தொகை கைமாறும். அதன் பிறகே பத்திரங்களின் ஜெராக்ஸ் வரும். வக்கீலிடம் ‘லீகல்’ பார்க்கக் கொடுப்போம். அவர் ஓட்டையைக் கண்டுபிடிக்கும்போது நம் பணம் அங்கே இருக்கிறது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருந்தும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு மடித்து வைத்துக்கொள்வது நிற்கவில்லை. அதிலும் ஒரு பகுதி ரொக்கம் என்றால், அந்தப் பணத்துக்கு ஒரே சாட்சி புரோக்கர்.

கொங்கு நாட்டில் அந்த ஓட்டை பெரும்பாலும் கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தில் இருக்கும். பட்டா அண்ணன் பேரில் இருக்கும். கேட்டால், “தங்கச்சிக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சுங்க, வந்து கையெழுத்துப் போட்டுருமுங்க” என்பார்கள். சீரும் பங்கும் வேறு வேறு என்பது சட்டம். உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-லிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் வழி திறந்தது. 2005-இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தது. தகப்பன் அப்போது உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. கையெழுத்துப் போடாத தங்கை வில்லங்கச் சான்றில் தெரிய மாட்டார். கோர்ட் சம்மனில்தான் தெரிவார். விடுதலைப் பத்திரம் கையில் இல்லாமல் வீடு வாங்குகிறவர் ஒரு குடும்பச் சண்டையையும் சேர்த்தே வாங்குகிறார்.

இன்னொரு தொல்லை, பத்திரம் ஒரு துறையில், பட்டா இன்னொரு துறையில் இருப்பது. நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் பணியில் பேரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்கள் இன்றும் திருத்தத்துக்கு அலைகின்றன. பத்திரத்தில் ஐந்து சென்ட், பட்டாவில் நாலே முக்கால் என்றால், பேங்க் லோன் அங்கேயே நின்றுவிடும்.

பில்டருக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் கடுமை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீடுகளுக்கோ மேற்பட்ட திட்டத்தைப் பதிவு செய்து, உரிமை ஆவணங்களை வெளியிட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வடவள்ளியிலோ கணபதியிலோ பழைய வீட்டை விற்கும் தனி ஆளுக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே அதன் நிலையைச் சொல்லும் அறிக்கையை விற்பவர் தயாராக வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்து 2007-இல் இதைப் போன்ற ஒன்றைத் தொடங்கி, செலவு அதிகம் என்ற முணுமுணுப்பில் 2010-இல் கைவிட்டது. இப்போது மறுபடியும் அதே பேச்சு அங்கே எழுந்திருக்கிறது.

நமக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, உடன்பிறந்தோர் சம்மதம், கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை விற்பவரே முதலில் ஒரு கோப்பாகப் பதிவுத்துறைத் தளத்தில் ஏற்றி எண் வாங்கட்டும். அந்த எண் இல்லாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் வரட்டும். ‘காகிதத்தை முதல்லயே காட்டினா பார்ட்டி ஓடிருவாங்க’ என்று புரோக்கர்கள் எதிர்ப்பார்கள். ஓட வேண்டிய பார்ட்டி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஓடுவதில் யாருக்கு நஷ்டம்?

உரிமைக்கு அரசே உத்தரவாதம் தருவதுதான் முழுத் தீர்வு. தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் 1858-இல் அதைத் தொடங்கினார். இந்தியாவுக்கும் அதுவே தேவை என்று பொருளாதார அறிஞர் டி.சி.வாத்வா 1989-இல் அறிக்கை கொடுத்தார். 2016-இல் ராஜஸ்தான் நகர்ப்புறத்துக்குச் சட்டம் இயற்றியது. 2020-இல் நிதி ஆயோக் மாதிரிச் சட்டம் வெளியிட்டது. யுடிஆர் பிழைகளே திருந்தாத ஊரில் அதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும். கோப்புக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

அதுவரை, தை பிறந்ததும் வீடு முடிக்கலாம் என்றிருப்பவர்கள் விலை பேசும் முன் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: விற்பவருக்கு உடன்பிறந்த பெண்கள் எத்தனை பேர், எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்? புரோக்கர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.