1914–15 நட்சத்திரமும் வால்டர் டல்லும்

1914–15 நட்சத்திரம் என்பது முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் பேரரசின் படைகளில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட போர்ப்பணிப் பதக்கம் ஆகும். 1918 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பதக்கங்கள் வழங்கப்பட்டன. கால்பந்து வீரராக இருந்து படை அதிகாரியாக உயர்ந்த வால்டர் டல் இப்பதக்கத்துக்கு உரியவர்களுள் ஒருவர்.

இருவகைப் பதக்கங்கள்

போர்க்காலப் பதக்கங்கள் பொதுவாக இருவகைப்படும். வீரப் பதக்கம் ஒருவர் செய்த குறிப்பிட்ட துணிச்சலான செயலுக்காக, மேலதிகாரியின் பரிந்துரையின் பேரில் வழங்கப்படுவது. பணிப் பதக்கம் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட போர்முனையில் இருந்த அனைவருக்கும் உரியது. இதற்குப் பரிந்துரை தேவையில்லை. படைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். 1914–15 நட்சத்திரம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தகுதியும் அமைப்பும்

1914 ஆகஸ்டு 5 முதல் 1915 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் பிரித்தானியாவுக்கு வெளியே ஏதேனும் ஒரு போர்முனையில் பணியாற்றியவர்கள் இதற்குத் தகுதி பெற்றனர். போரின் முதல் மாதங்களில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்தவர்களுக்கு 1914 நட்சத்திரம் என்ற தனிப் பதக்கம் இருந்ததால், அவர்களுக்கு இது வழங்கப்படவில்லை. மெசபடோமியா முதலிய முனைகளில் போரிட்ட இந்தியப் படையினரும் இதைப் பெற்றனர்.

பதக்கம் வெண்கலத்தால் ஆனது. குறுக்காக வைத்த இரண்டு வாள்களும் மேலே மகுடமும் நடுவில் ஆண்டும் இதில் உள்ளன. நாடா சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் கொண்டது. பின்புறத்தில் பெறுபவரின் பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. இது தனியாக வழங்கப்பட்டதில்லை. பிரித்தானியப் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் உடன் சேர்ந்தே வரும்.

வால்டர் டல்லின் இளமை

டல் 1888 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். தாய் கென்ட் மாவட்டத்தவர். பத்து வயது நிறையும் முன்பே பெற்றோர் இருவரையும் இழந்தார். அண்ணன் எட்வர்டுடன் லண்டனில் ஓர் அனாதை இல்லத்தில் வளர்ந்தார்.

1909-இல் டாட்டனம் ஹாட்ஸ்பர் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு பிரிஸ்டலில் நடந்த ஓர் ஆட்டத்தில் பார்வையாளர்கள் அவரை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினர். 1911-இல் நார்தாம்ப்டன் டவுன் அணிக்கு மாறி, அங்கு 100-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் விளையாடினார்.

படைப் பணி

1914 டிசம்பரில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17-ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். கால்பந்து வீரர்கள் பலர் இருந்ததால் இது 'கால்பந்து பட்டாலியன்' எனப்பட்டது. 1915 நவம்பரில் இப்படை பிரான்சு சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் போர்முனையை அடைந்ததால்தான் டல் இப்பதக்கத்துக்கு உரியவரானார்.

1916-இல் போர் அதிர்ச்சியால் சிகிச்சைக்காக நாடு திரும்பிய அவர், குணமடைந்து சோம் போர்முனைக்குச் சென்றார். 1917 மே 30 அன்று இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். கறுப்பினத்தவர் படையினருக்குக் கட்டளையிடும் பொறுப்பில் இருப்பதை அன்றைய படைச் சட்டக் கையேடு தடுத்திருந்தது. அத்தடை இருந்தும் அவருக்கு அதிகாரப் பதவி வழங்கப்பட்டது.

பின்னர் இத்தாலியில், 1918-இன் தொடக்கத்தில், இரவில் 26 பேரை அழைத்துக்கொண்டு பியாவே ஆற்றைக் கடந்து எதிரிப் பகுதிக்குள் சென்றார். அனைவரையும் காயமின்றித் திரும்பக் கொண்டுவந்தார். அவருடைய துணிவையும் நிதானத்தையும் படைத்தலைவர் சிட்னி லாஃபோர்டு பாராட்டினார்.

1918 மார்ச் 25 அன்று பிரான்சின் ஃபாவ்ரேய் அருகே டல் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. அரஸ் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் உள்ளது.

கிடைக்காத பதக்கம்

டல்லின் பெயர் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டதாக, உடன் பணியாற்றிய அதிகாரி ஒருவர் எட்வர்டுக்கு எழுதினார். அப்பதக்கம் வழங்கப்படவில்லை. இறந்தவர்களுக்கு அதை வழங்கும் வழக்கமும் அன்று இல்லை. 1979-இல்தான் விதி மாறியது. டல்லுக்கு அதை வழங்க வேண்டும் என்று 2018-இல் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் பிரதமரிடம் கோரினர்.

பணிப் பதக்கம் ஒருவர் போர்முனையில் இருந்தார் என்பதை மட்டுமே சொல்லும்; அங்கு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. ஆனால் எவருடைய பரிந்துரையும் விருப்பு வெறுப்பும் அதற்குத் தேவைப்படுவதில்லை. படைச் சட்டம் வேறுபடுத்திப் பார்த்த டல்லும் மற்ற 23 லட்சம் பேரும் ஒரே அளவுகோலால் இதற்குத் தகுதி பெற்றது அதனால்தான்.