ஃபால்ஸ் சீலிங்கில் எல்.இ.டி. லைட் போடப் போறீங்களா? மரக்கட்டை, தெர்மாகோல் இருந்தா இதை கவனிங்க!

திருச்சி தில்லை நகர், கே.கே.நகர் அபார்ட்மெண்ட்டுகள் முதல் ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகள் வரை, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் எல்.இ.டி. டவுன்லைட் பதிப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டை போட்டால் ஆபத்து. ஏன்? விரிவாக பார்க்கலாம்.

ஸ்ரீரங்கம் மறக்காத தீ

2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில், மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறால், தலைக்கு மேலே இருந்த கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. அது டவுன்லைட் அல்ல, வேறு வகை விளக்கு. ஆனால் எரியக்கூடிய கூரைக்குப் பக்கத்தில் மோசமான மின் இணைப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட கொடூரமான உதாரணம் வேண்டாம்.

எல்.இ.டி. சூடாகாதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மைதான். பழைய ஹாலோஜன் விளக்கு வெளிச்சத்தோடு சேர்த்து சூட்டையும் கீழே அனுப்பும். எல்.இ.டி.யில் வெளிச்சம் கீழே வரும், சூடு பின்பக்கம் போகும். 12 வாட்ஸ் லைட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்றத்தான் பின்னால் அலுமினியத் தகடு. 230 வோல்ட் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் டிரைவர் என்ற சின்னப் பெட்டியும் சூடாகும்.

இந்தச் சூடு வெளியேற காற்று இடைவெளி தேவை. திருச்சி வெயிலில், மேல்மாடி கான்கிரீட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடம் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும். அதன் மேல் இன்சுலேஷனையும் போர்த்தினால் சூடு போக வழியே இல்லை. லைட் சீக்கிரம் மங்கும், டிரைவர் போகும், வயரின் உறை கெடும்.

தெர்மாகோலில் இரட்டைச் சிக்கல்

வெயில் இறங்காமல் இருக்க சிலர் சீலிங்குக்கு மேல் தெர்மாகோல் வைக்கிறார்கள். கிளாஸ் வூல் எளிதில் எரியாது, ஆனால் சூட்டைப் பிடித்து வைக்கும். தெர்மாகோல் சூட்டில் இளகும், தீப்பொறி பட்டால் எரியும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பி.வி.சி. வயர் தெர்மாகோலோடு நேரடியாக ஒட்டிக் கிடந்தால், வயர் உறையை மிருதுவாக வைத்திருக்கும் ரசாயனம் நாளடைவில் தெர்மாகோலுக்குள் போய்விடும். உறை விறைத்து, வெடிக்கத் தொடங்கும். அதனால் வயரை பைப்புக்குள்தான் கொண்டு போக வேண்டும்.

எவ்வளவு இடைவெளி விடணும்?

முதலில் லைட்டோடு வரும் தாளைப் பாருங்கள். அதில் சொல்லியிருப்பதே இறுதி. ஒப்பீட்டுக்கு, அமெரிக்க மின் விதிப்படி, இன்சுலேஷனோடு ஒட்டி வைக்கலாம் என்று சான்று பெறாத டவுன்லைட்டுக்கு மரத்திலிருந்து அரை அங்குலமும் (13 மி.மீ.), இன்சுலேஷனிலிருந்து 3 அங்குலமும் (76 மி.மீ.) இடைவெளி வேண்டும். இன்சுலேஷனால் மூடக்கூடாது என்ற குறி லைட்டில் இருந்தால், சுற்றியுள்ள தெர்மாகோலை வெட்டி எடுத்துவிடுங்கள்.

பழைய மரக்கூரை வீடா?

சித்திரை வீதி, உத்திர வீதி பக்கம் உள்ள பழைய வீடுகளில் உத்தரமும் குறுக்குக் கட்டைகளும்தான் மேலே உள்ள செங்கல், சுண்ணாம்புத் தளத்தைத் தாங்குகின்றன. இங்கே 3 விஷயம் முக்கியம்.

* லைட்டுக்காக கட்டையை வெட்டவோ குடையவோ கூடாது. லைட்டின் இடத்தை மாற்றுங்கள்.
* லைட்டை கட்டைக்கு நேர் கீழே வைக்காமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவே வையுங்கள்.
* மேலே பழைய துணி சுற்றிய வயர் கிடந்தால், அதிலிருந்து புது லைட்டுக்கு இணைப்பு எடுக்காதீர்கள். சுவிட்ச் போர்டிலிருந்து புதிதாக வயர் இழுங்கள். எலி கடித்த இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜிப்சம் சீலிங்கில் உள்ளே ஓடும் இரும்பு சேனலைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். அது ஒட்டும் இடத்தில் ஓட்டை போடாதீர்கள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

* பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.
* வேலை தொடங்கும் முன் மெயினை ஆஃப் செய்யுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.
* வயரை முறுக்கி டேப் சுற்றி மேலே தள்ளிவிடும் பழக்கம் வேண்டாம். கனெக்டர் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.
* டிரைவர் தெர்மாகோல் மேல் படுத்திருக்கக் கூடாது.
* லைட் லைனுக்கு தனி எம்.சி.பி., வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம்.
* உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுங்கள். மூடும் முன் உள்ளே போன வயர்களை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

இந்த அறிகுறி தெரிந்தால் உஷார்!

லைட் மினுக்குவது, சீலிங்கில் பழுப்பு வட்டம், பிளாஸ்டிக் கருகும் வாடை, எம்.சி.பி. அடிக்கடி விழுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அந்த லைனை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.