மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டுமா?

"முதுகிலே ஊசியா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் குரல் இதுதான். "சிசேரியனுக்குப் போட்ட ஊசிதான், இன்னிக்கு வரைக்கும் இடுப்பு வலிக்குது" என்று சொல்லும் பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். நீண்ட கால இடுப்பு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. ஆனாலும் பயம் போகவில்லையே!

என் சின்னம்மாவுக்கு பாம்பன் பக்கம். கடலில் மூழ்கிப் பாசி எடுத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். மூச்சுதான் அவருக்கு மூலதனம். நிமோனியா முற்றி நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிக்கொண்டது. மார்பைத் திறந்து, நுரையீரலை இறுக்கியிருந்த தடித்த சவ்வை உரித்து எடுக்க வேண்டும் என்றார்கள். ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது என்றாலும், இம்மாதிரி ஆபரேஷனுக்கு எங்கள் கடற்கரைக் குடும்பங்கள் பல இன்னும் மதுரைக்குத்தான் போகின்றன. நாங்களும் போனோம்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, "முதுகிலே ஒரு மெல்லிய குழாய் வைக்கப் போறோம்" என்றதுமே சின்னம்மாவின் மகன் எழுந்துவிட்டான். "அம்மாவுக்குக் கால் விழுந்துட்டா யாரு பாக்கிறது?" சின்னம்மாவோ, "எதுக்குத் தாயி அதெல்லாம்? மூணு புள்ளை பெத்தவ, வலியைத் தாங்கிக்குவேன்" என்றார்.

"நீங்க தாங்கிக்குவீங்கம்மா. உங்க நுரையீரல் தாங்காது" என்றார் டாக்டரம்மா. அதற்கு அவர் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வலித்தால் நுரையீரலுக்கு என்ன?

கை உடைந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலா எலும்பை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது அசைந்தாக வேண்டும். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார், இருமலை அடக்கிக்கொள்வார். சளி உள்ளேயே தங்கும். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கும். பிறகு காய்ச்சல், மறுபடி நிமோனியா. ஆகவே இங்கே வலியைக் குறைப்பதும் சிகிச்சையில் ஒரு பாகமே.

இரண்டு மருந்து எதற்கு?

சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடும் ஊசி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்ப்பையைத் துளைத்து உள்ளே போகிறது. 'எபிடியூரல்' என்பது அந்தப் பைக்கு வெளியிலேயே நின்றுவிடும். மார்பு ஆபரேஷனுக்கு, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள குழாயை வைத்து, சிறிய பம்பு மூலம் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். ஸ்பெயின் நாட்டு ராணுவ டாக்டர் ஃபிடெல் பாஹெஸ் 1921-லேயே இடுப்புப் பகுதியில் இம்முறையைச் செய்து எழுதினார். அப்போது மரக்க வைக்கும் மருந்து மட்டும்தான். 1979-க்குப் பிறகுதான் மார்ஃபின் வகை மருந்தையும் இவ்வழியில் கொடுக்கும் வழக்கம் பரவியது.

மரக்க வைக்கும் பூபிவாகெய்னை மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், கை கால் தளரும். ஃபென்டனிலை மட்டும் நிறையக் கொடுத்தால் அரிப்பு, வாந்தி, சிறுநீர் அடைப்பு, தூக்கக் கலக்கம் வரும், மூச்சே மந்தமாகலாம். குழம்பில் மிளகாயை மட்டும் அள்ளிப் போட்டால் வயிறு எரிகிறது. மிளகாய் கொஞ்சம், மிளகு கொஞ்சம் என்றால் காரமும் வருகிறது, வயிறும் தாங்குகிறது அல்லவா? அது போலத்தான். பூபிவாகெய்ன் 0.1 அல்லது 0.125 சதவிகிதம், அதில் மில்லி லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்பது பல இடங்களில் வழக்கமான கலவை. ஆபரேஷனின்போது உபயோகிக்கும் 0.5 சதவிகித மருந்தைவிட இது நாலைந்து மடங்கு நீர்த்தது. ஆகவே காலும் அசையும், வலியும் குறையும்.

"போதை மருந்தாச்சே, பழகிடாதா?" என்று நான் கேட்டேன். டாக்டர்கள் கண்காணிப்பில் மூன்று நாலு நாள் கொடுப்பதால் அப்படி ஆகிவிடாது என்றார். 2014-ல் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளாக அறிவித்தது இவை நோயாளிக்குத் தடையில்லாமல் கிடைக்கத்தான்.

மகன் கையெழுத்துப் போட்டான். ஆபரேஷனுக்கு மறுநாள் சின்னம்மா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினார். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ளே வலி எவ்வளவும்மா?" "சும்மா இருந்தா ரெண்டு, இருமினா நாலு." இருமும்போது எவ்வளவு என்பதுதான் முக்கியமாம். அன்றிரவு மூக்கெல்லாம் அரித்தது. சொன்னதும் மருந்தின் அளவை மாற்றினார்கள். நாலாம் நாள் குழாயை எடுத்து மாத்திரைக்கு மாற்றினார்கள். இப்போது கரையில் பாசி காயவைக்கிறார். மூழ்கலாம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அத்தகையவர்களுக்கும், முதுகில் புண் உள்ளவர்களுக்கும் இந்த முறை ஒத்து வராமல் போகலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

* முதுகெலும்பின் ஒரு பக்கத்தில் மட்டும் மரக்க வைக்கும் முறையும் உண்டு. அதில் ரத்த அழுத்தம் இறங்குவது குறைவு. எது ஏற்றது என்று கேளுங்கள்.

* கால் திடீரென்று பலமிழந்தால், எழுப்பியும் விழிக்காமல் தூங்கினால், மூச்சு மந்தமானால், முதுகில் புதிதாகக் கடும் வலி வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

* தலைசுற்றல் வரலாம். முதல் தடவை எழும்போது துணையில்லாமல் எழுந்திருக்க விடாதீர்கள்.

* பம்பில் நாமாகக் கை வைக்கக் கூடாது. வலி குறையவில்லை என்றால் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் நம் பெண்களுக்குக் கஷ்டம். வலியைச் சொல்லாமலிருப்பதே பெருமை என்று வளர்ந்தவர்கள் நாம். மார்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் அந்தப் பெருமையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.