ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு சைக்கிள் தடம்

திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் காரை நிறுத்துகிறார்கள், தலையில் எண்ணெய் வைக்கிறார்கள், கோதையாற்று நீரில் அரைமணி நேரம் நிற்கிறார்கள், நேந்திரன் சிப்ஸ் பொட்டலத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அருவிக்குப் பின்னால் இருக்கும் மேட்டை ஏறிப் பார்க்கிறவர் அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து கியர் சைக்கிளில் வரும் இளைஞர்களுக்கு ரப்பர் தோட்டமான அந்த மேடுதான் விஷயம்.

ரப்பர் மரங்களைச் சரிவில் நடும்போது மலையைச் சுற்றி வரிவரியாகத் திட்டு வெட்டுவார்கள். ஒரு ஆள் நடக்கும் அகலம். பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் போய், பட்டையில் சாய்வாகக் கீறிச் சிரட்டையில் பாலை விடுகிற பாதை அது. வெளிநாட்டில் லட்சக்கணக்கில் செலவழித்துச் செதுக்கும் மலை சைக்கிள் தடத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. வளைவு இருக்கிறது, வேர் இருக்கிறது, செம்மண் இருக்கிறது. தை, மாசியில் இலை உதிர்ந்து வேரை மூடிவிடும். முன்சக்கரம் வழுக்குவது அப்போதுதான். மழைக்காலத்தில் வழுக்கலோடு அட்டையும் உண்டு. தோட்டக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகக் கூடாது, வெட்டு முடியும் முன்பு போகவே கூடாது. சிரட்டை ஒன்று கவிழ்ந்தால் ஒருவர் கூலியில் கை வைத்த மாதிரி.

நியூசிலாந்தில் ரோட்டோருவா என்றொரு ஊர். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன இடம். ஊரை ஒட்டிய வகரேவரேவா காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கு சைக்கிள் தடங்கள் போட்டிருக்கிறார்கள். 2006இல் உலக மலை சைக்கிள் போட்டியே அங்கே நடந்தது. அதுவும் நம் ரப்பர் தோட்டத்தைப் போல வருமானத்துக்காக வளர்க்கும் மரக்காடுதான். ஒரு பகுதியில் மரம் வெட்டினால் அந்தத் தடத்தை மூடிவிடுவார்கள், முடிந்ததும் திறப்பார்கள்.

ஏறத் தெம்பில்லாதவர்களுக்குச் சானல்கரை இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் வரும் தண்ணீர் புத்தன் அணையில் சேர்ந்து பல கால்களாகப் பிரிகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்பதால் மலையின் வளைவோடு வளைந்து, கண்ணுக்குத் தெரியாத சரிவில் வெட்டிய கால்கள் இவை. அதனால் கரையும் ஏற்ற இறக்கமில்லாமல் போகிறது. பத்து வயதுப் பிள்ளையும் மிதிக்கலாம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் வாழையும் தென்னையும். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூன் வாக்கில் அணை திறந்த பிறகு போனால் கூடவே தண்ணீரும் வரும். மாத்தூரில் பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால் தொட்டியாக மாறிவிடுகிறது. அங்கே மட்டும் சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு நடந்து போவது உத்தமம். கரையில் தடுப்புச் சுவர் கிடையாது. தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகும் வழக்கம் வேறு. சேறு காய்ந்ததும் பாட்டில் சில்லு தலைகாட்டும், டியூப் போச்சு.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் அழகு அதிகம், ஆனால் 2008இல் வன உயிரினச் சரணாலயம் ஆன பகுதி. அனுமதியில்லாமல் நுழைய முடியாது. யானையிடம் அனுமதிச் சீட்டும் எடுபடாது.

யானையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தோட்டத்திலும் சானல்கரையிலும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு எமன் காட்டில் இல்லை, தார்ச்சாலையில் இருக்கிறான். குலசேகரம், அருமனை, களியல் சாலைகளில் பாறையும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரள எல்லை நோக்கிப் போகும் டாரஸ் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பதினாறு சக்கரம், மேலே தார்ப்பாய் சரியாக மூடாத சுமை, வளைவில் எதிரே வருகிறவர் ஓடைக்குள் இறங்கினால்தான் வழி. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இந்தச் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டராவது மிதித்தே ஆக வேண்டும். லாரி கடந்ததும் புழுதியில் ஒரு நிமிடம் முன்சக்கரம் தெரியாது. சாலை ஓரம் கடித்துத் தின்ற அப்பம் போல உடைந்து கிடக்கிறது. ஒதுங்க நினைக்கிறவர் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிதிப்பதும் இதே ஓரத்தில்தான். சுற்றுலாவுக்கு வருகிறவன் ஒருநாள் பயந்துவிட்டு ஊர் திரும்பிவிடுவான். பிள்ளைகளுக்குத் தினமும் இதுதான்.

கல் இல்லாமல் வீடு எப்படிக் கட்டுவது, லாரிக்காரனும் பிழைக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டக்காரர்கள் காவி கட்டி, கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று முஞ்சிறையிலிருந்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடும்போது மட்டும் சாலையில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறோம். ஒரு இரவும் ஒரு பகலும் முடிகிற காரியம், மற்ற நாட்களில் ஏன் முடியாமல் போகிறது?

தடத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பது, வாடகை சைக்கிள் விடுவது, அருவிக்கரையில் செல்ஃபி மேடை கட்டுவது எல்லாம் பிறகு. குலசேகரம் முக்கிலிருந்து திற்பரப்பு வரை சாலையோரத்தில் நாலடி மண்பாதை விட்டு, விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை லாரியை நிறுத்தி வைத்தால் போதும். அதுவரை சைக்கிளோடு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே குலசேகரத்தைத் தாண்டிவிடுங்கள்; பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் எரியட்டும்.